சூடு தெரியாத இடம்

மார்ச் 9

வாயாடிக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. உன் செல்லுக்கு அடித்து அடித்துச் சலித்து, நீ வேலை செய்கிற லாண்டரி நம்பருக்கே அடித்தேன். "அவங்க பிரஸ்ல நிக்கிறாங்க, அப்புறம் பேசுவாங்களாம்" என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்குப் பின்னால் உன் இருமல் சத்தம் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போனை எடுக்காமல் விடலாம், எடுத்தாலும் பாதியில் வைக்கலாம். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கும் முதல் வரியையாவது படித்தாக வேண்டும்.

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. முதுகுக்கு இரண்டு தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒன்று, மடியில் பரீட்சை அட்டை. நிமிர்ந்தால் வயிற்றுத் தையல் இழுக்கிறது.

"உங்க வயிறு மாடிக்குக் குடி போயிருக்கு அண்ணி" என்று சொன்னது நீ. கீழ்வயிற்றில் வெட்டி எடுத்து, கேன்சருக்காக எடுத்த பிறகு இரண்டு வருஷமாகத் தட்டையாகக் கிடந்த இடப்பக்கத்து மார்பில் வைத்துத் தைத்த சதைக்குக் 'குடிவந்தவள்' என்று பேர் வைத்ததும் நீ. ஆகவே குடிவந்தவளின் நிலைமையை உனக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. கொப்புளம் உடைந்துவிட்டது. அடிப்பக்கம், என் உள்ளங்கை அளவுக்கு, முதலில் வெளுத்தது. இப்போது ஓரங்கள் கறுக்கின்றன.

நேற்றுக் காட்டப் போனபோது டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். உன் அண்ணன் "என் தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து நானே சொன்னேன். கூனிக் கூனி நடந்து முதுகு பிடித்துக்கொண்டது, வெந்நீர்ப் பை கேட்டது நான். என் நாத்தனார் நிரப்பிக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்று முதுகுக்குக் கொடுத்தாள். மத்தியானத் தூக்கத்தில் நான் புரண்டிருக்கிறேன். பை முன்பக்கம் வந்திருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

"வலிக்கலையா?" என்றார்.

"அந்த இடத்துல ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க."

அவர் பேனாவை மூடினார். ரத்த ஓட்டம் இருக்கிறதாம். தோல் போய்விட்டதாம். எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாதாம். சீழ் பிடித்தால்? "பிடிச்சா எடுத்துடணும்." எதை என்று கேட்டேன். முழுவதையும் என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் சொன்னார் இல்லையா, நெஞ்சில் சூடும் வைக்கக் கூடாது, ஐஸும் வைக்கக் கூடாது என்று? நாம் மூன்று பேரும் மண்டையை ஆட்டினோம். நெஞ்சுக்குச் சொன்னதை முதுகுக்கும் சேர்த்து யோசிக்க மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதில் நான் வேறு கெமிஸ்ட்ரி டீச்சர். சுட்ட கண்ணாடியும் சுடாத கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தொடுவதற்கு முன் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார் என்று வருஷா வருஷம் லேபில் கத்துகிறவள்.

எனக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் உன் பாய் சுருட்டி வைத்திருக்கிறது, உன் துணிப் பை இல்லை, நீ இல்லை. சொல்லாமல் ஏன் போனாய்?

அண்ணி


மார்ச் 17

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாயாடி என்று நீங்கள் கூப்பிட்ட வாய்தான்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலு நாள் வேலைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கறுக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்கு மேலே போக முடியவில்லை. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன்.

ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கிறீர்கள். சொல்லிக்கொள்ள யார் இருந்தார்கள் அண்ணி?

அன்றைக்கு டீ கொண்டுவந்து உங்களை எழுப்பியது நான். நைட்டி நனைந்திருக்கிறதே, தண்ணீர் கசிந்துவிட்டதா என்று மேல் பட்டனைக் கழற்றியது நான். துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அப்புறம் அண்ணன் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுத் திரும்பினோம். உங்களைப் படுக்க வைத்துவிட்டு, உங்கள் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்டார். "உன்ன யாரு பாத்துக்கக் கூப்பிட்டா? கூப்பிட்டதுக்கு இதுதான் நீ செஞ்சதா? நீ பாத்துக்கிட்டது போதும்." அவர் கோபத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஊதி அணைத்துவிடலாம். நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். தூங்கவில்லை. தூங்குகிறவர்களின் முதுகு அப்படி இருக்காது. "விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

நீங்கள் பேசியிருந்தால் நான் அங்கேயே கிடந்திருப்பேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போயிருக்க மாட்டேன்.

இதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். சுட்டவள் நான், சுடப்பட்டவர் நீங்கள். நான் மனத்தாங்கல் சொல்வது அநியாயம். கேட்டீர்கள், சொன்னேன்.

இப்படிக்கு
உங்கள் நாத்தனார்


மார்ச் 23

வாயாடிக்கு,

'மரியாதைக்குரிய' என்று ஆரம்பித்து 'நாத்தனார்' என்று முடித்திருக்கிறாய். கல்யாணமாகி வந்த புதிதில்கூட நீ எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நான் தூங்கவில்லை. உண்மைதான். உன் அண்ணன் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நீ என்னையே பார்க்கிறாய் என்பதும் தெரிந்தது. திரும்பாமல் கிடந்தேன். ஏனென்று கேட்டால் சொல்கிறேன், அழுதால் அழு. திரும்பியிருந்தால் நான் அவரைவிட மோசமாகப் பேசியிருப்பேன். உன் கையைப் பிடித்து அடுப்பில் வைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இரண்டு வருஷம் யோசித்து, உன் அண்ணனோடு சண்டை போட்டு, வயிற்றைக் கிழித்துக்கொண்டு வாங்கிய ஒன்றை, ஒரு மத்தியானத் தூக்கத்துக்குள் வேக வைத்துவிட்டாயே என்று இருந்தது. வெந்தது என் உடம்பு, அது எனக்கே தெரியவில்லை என்றால் யாரைப் போய்த் திட்டுவது? நீ கையெட்டும் தூரத்தில் நின்றாய். அவர் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. சில காலைகளில் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது வாடை அடித்தால் இருக்கிறது.

கட்டுப் போடுவது உன் அண்ணன்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, குண்டு வெடித்துவிடும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தெரியாது என்று எத்தனை தடவை சொல்வது? ஓரத்தில் தொடும்போது எனக்குத் தெரிகிறது, நடுவில் தொடும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். முடித்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறார். கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

இவர்தான், "எனக்கு நீ இப்படியே இருந்தாலும் ஒண்ணுதான், எனக்காக எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?" என்று கேட்டவர். நல்ல மனசோடுதான் கேட்டார். அதற்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "உனக்காகன்னு யாருண்ணே சொன்னா? அவங்க போர்டுல எழுதணும்." அந்த வீட்டில் அதைப் புரிந்துகொண்டவள் நீ ஒருத்தி. கையைத் தூக்கி எழுதும்போதெல்லாம் ரவிக்கைக்குள்ளே வைத்த ஸ்பாஞ்சு மேலே ஏறி, காறையெலும்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முன் பெஞ்சுப் பெண்கள் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். சிரித்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

டாக்டர் ஏப்ரல் 12 தேதி கொடுத்திருக்கிறார். கறுத்ததை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். மயக்கம் தெளிந்து எழும்போதுதான் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். அப்போது உன் அண்ணன் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த முகம் தாங்காது. நீ வந்து நில். நீ வாயில் வந்ததைப் பட்டென்று சொல்லிவிடுவாய்.

வருகிறாயா?

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணி,

என் கையை அடுப்பில் வைக்க வேண்டும் போல இருந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது. நிஜமாகத்தான். இங்கே எல்லோரும் "தெரியாம நடந்ததுதானே, விடு, விடு" என்கிறார்கள். அந்த 'விடு'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நீங்கள் ஒருத்தர்தான் விடவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒன்று தெரியுமா? என் கையை அடுப்பில் வைத்தாலும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

திரும்பி வந்த மறுநாள் இங்கே துணி மடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். இப்போது பெட்ஷீட்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடிக்கிற என் ஜோடி, அவள்தான். வாளியில் வெந்நீர் பிடித்து, "கொஞ்சம் கொஞ்சமா பச்சத்தண்ணி ஊத்தறேன், எப்ப வெதுவெதுப்புன்னு சொல்லு" என்றேன். நானும் கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரில் அவள் விரல் நுனியை வைத்துவிட்டு, "யம்மா!" என்று கையை உதறினாள். பிறகு அவளுக்கு வெதுவெதுப்பு வந்தபோது எனக்கு அது பச்சைத் தண்ணீர். இத்தனை வருஷம் ஸ்டீம் பிரஸ்ஸிலிருந்து துணியை உருவி உருவி, என் கை எப்போதோ வேறு கணக்குக்குப் போய்விட்டது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், கை என்னிடம்தானே இருக்கிறது?

அதோடு போகவில்லை. என் பிள்ளையைச் சின்ன வயதில் குளிப்பாட்டும்போது வீடே இடிகிற மாதிரி கத்துவான். பிடிவாதம் என்று நினைத்து முதுகில் ஒன்று வைப்பேன். போன வாரம் அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன், "ஏண்டா, நான் ஊத்தற தண்ணி சூடாவாடா இருந்துச்சு?" அவன் சிரிக்கிறான். "அம்மா, உன் கையில குளிச்சுட்டு வந்தா நான் வெந்துதான் வெளிய வருவேன். ஏன் இப்பக் கேக்கற?"

அதனால் எனக்கு என்னைக் கண்டாலே பயமாக இருக்கிறது அண்ணி. சூப்பர்வைசரிடம் சொல்லிப் பிரஸ்ஸிலிருந்து மாற்றிக்கொண்டு மடிக்கிற மேஜைக்கு வந்துவிட்டேன். "நல்லா தேய்க்கிற ஆளு எதுக்கு மடிக்கப் போற?" என்று முறைத்தார். இப்போது எதைத் தொட்டாலும் கன்னத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். டீ டம்ளர், குக்கர் மூடி, வெயிலில் காய்ந்த துணி, எல்லாம். கன்னத்துக்கு இன்னும் சூடு தெரிகிறது. என் கண்மை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று இங்கே கேலி செய்கிறார்கள். மையை விட்டுத் தொலையேன் என்று நீங்களும் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. விட முடியவில்லை, அது ஒன்றுதான் எனக்கு அலங்காரம்.

உங்களைச் சுட்டது இருக்கட்டும். அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள் என்று உங்களைக் கிளப்பிவிட்டது யார்? நான்தானே. அண்ணனோடு வாதாடி உங்களை மேஜையில் படுக்க வைத்து, நன்றாக வந்த பிறகு நானே போய்க் கெடுத்தேன். 12 அன்று நீங்கள் கண் திறக்கும்போது முதலில் என் மூஞ்சியா தெரிய வேண்டும்?

வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். கை நன்றாக இருக்கிறவர்களாகப் பார்த்து.

வாயாடி


ஏப்ரல் 6

காய்ச்சல். நேற்று ராத்திரியிலிருந்து. 12 வரைக்கும் காத்திருக்க முடியாதாம், நாளைக்கே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் அண்ணனைச் செய்யச் சொன்னேன். அவர் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார், வந்தார். செய்தாரா என்று தெரியவில்லை.

கையைக் கேட்டேனா நான்? கை வேண்டுமென்றால் இங்கே கூலிக்கு நர்ஸ் கிடைக்கிறாள். உன் கை எத்தனை டிகிரி தாங்கும் என்று நீ வாளி வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிரு. நான் கேட்டது உன் வாயை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. நாளைக்கு எழும்போது மறுபடியும் அங்கே தட்டையாக இருந்தால், இரண்டாவது தடவையாக அதை இழக்க எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. முதல் தடவை உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்தது, அதனால் யோசிக்க நேரமில்லை. வயிற்றிலும் இனி எடுக்க ஒன்றும் இல்லை.

உன் கன்னம் உன்னோடேயே இருக்கட்டும்.


ஏப்ரல் 19

வாயாடிக்கு,

போன கடிதத்தில் கையெழுத்துக்கூடப் போடவில்லை போலிருக்கிறது. காய்ச்சலில் எழுதியது, கடைசி வரியை எடுத்துவிட்டுப் படித்துக்கொள்.

இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குடிவந்தவள் காலி செய்யவில்லை, ஒரு அறையை மட்டும் இடித்துவிட்டார்கள். அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதியை இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். சின்னதாக, ஒரு பக்கம் பள்ளமாக, வாயைக் கோணிக்கொண்டு இருக்கிறாள். கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அறைவேன். நர்ஸ் சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு கசிவு நிற்கவில்லை. மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். நல்லபடியாக முடிந்தது என்று உன் அண்ணன் எல்லோரிடமும் போனில் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இருக்கிறாள்.

இனி ஒரு விஷயம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டில் மாற்றிக்கொள்ள நைட்டி கேட்டேன். உன் அண்ணன் பையோடு கீழே போய், வெகுநேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். பழைய நைட்டிதான், முன்பக்கம் பட்டன் வைத்தது. மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தது.

"யார் தேச்சது?" என்றேன்.

"கீழ ஒரு கடை இருக்கு. குடுத்து வாங்கினேன்."

உன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது, தெரியுமில்லையா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நைட்டியைப் பிரித்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, கழுத்துப் பட்டியை மட்டும் வெளியே நீட்டி மடித்திருந்தது. கைதியை நிற்க வைத்த மாதிரி நீ ஏன் மடிக்கிறாய் என்று எத்தனை தடவை உன்னைக் கேட்டிருக்கிறேன்? எந்தத் தெருக் கடைக்காரரும் அப்படி மடிக்க மாட்டார். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். உன்னைப் பார்த்து அண்ணனும் கற்றுக்கொண்டிருக்கலாம், துணியைக் கொடுக்கும்போது அப்படி மடிக்கச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வந்துவிட்டு மேலே வராமல் போயிருப்பாய் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

உடுத்திக்கொள்ளும்போது பார்த்தேன். உள்பக்கத்தில், இடது மார்பு படுகிற இடத்தில், கறுப்பாக ஒரு இழுப்பு. விரலால் தேய்த்தேன், விரலில் ஒட்டியது. மை.

நர்ஸ் கட்டுக்கு மேல் துணியைச் சரிசெய்துகொண்டே, "கறை இருக்கே, வேற மாத்தட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அழறீங்களா? வலிக்குதா?" என்றார். அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குச் சொல்லவில்லை.

எங்கே நின்று தேய்த்தாய்? எவ்வளவு நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாய், அவ்வளவு மை இறங்குவதற்கு? ஆறிவிட்டதா என்று பார்த்தாயா, அழுதாயா? இரண்டு மாடி ஏறி வருவதற்குக் கால் வரவில்லையா உனக்கு?

நைட்டியை இன்னும் துவைக்கவில்லை. நாளைக்குத் துவைக்கப் போடலாம் என்று இருக்கிறேன். சோப்பு போட்டுக் கசக்கி, நன்றாகக் காய்ந்ததும் சூடாக ஒரு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும் இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

ஐயோ, தேய்த்துத் தொலைக்காதீர்கள்! கறையின் மேல் இஸ்திரி வைத்தால் அப்படியே துணியில் ஊறி உட்கார்ந்துவிடும், பிறகு அதன் அப்பன் வந்தாலும் எடுக்க முடியாது. எண்ணெய்க் கறை அது. வெந்நீரும் கூடாது. நீங்கள் என்ன கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறீர்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!

வந்தேன் அண்ணி. அண்ணன் போன் செய்தார். "ஆபரேஷன நாளைக்கே பண்றாங்க" என்றார். அப்புறம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. ராத்திரி ரயிலில் ஏறிவிட்டேன்.

அன்றைக்கும் மறுநாளும் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே மருந்துக் கடை பக்கம் நின்றேன். ஏறுவேன், முதல் திருப்பம் வரைக்கும் போவேன், இறங்கிவிடுவேன். அங்கே வைத்து அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றார். "இருக்கு. கொஞ்சம் போயிடுச்சு, மீதி இருக்கு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்; அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது அப்பா போனபோதுதான். பிறகு கையிலிருந்த பையை நீட்டி, "இதக் கொஞ்சம் தேச்சுக் குடு. கசங்கிக் கிடக்கு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. என் கையில் உங்கள் துணியைக் கொடுத்தார்.

எதிரே ஒரு தேய்ப்புக் கடை. அந்தக் கடைக்கார அம்மாவிடம் இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கித் தேய்த்தேன். பிரஸ்ஸை விட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சூட்டில் கை வைத்தேன். தேய்த்து முடித்து, ஆறும்வரைக்கும் உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறிய பிறகும் நின்றேன். அந்த அம்மா, "துணி ஆறிடுச்சும்மா, குடுத்துட்டுப் போ" என்றார். நீங்கள் கேட்டீர்களே ஆறிவிட்டதா என்று பார்த்தாயா, அழுதாயா என்று. இரண்டும்தான்.

கொடுத்துவிட்டு ரயிலைப் பிடித்துவிட்டேன். உங்கள் கண் முன்னால் வந்து நிற்கக் கால் வரவில்லை. அது தப்புதான். வாயைக் கேட்டீர்கள், நான் துணியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி. அண்ணனை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல்லுங்கள், வந்தால் இரண்டு பேரும் நடைமேடையில் நின்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம். குடிவந்தவள் எப்படி இருந்தாலும் எனக்குக் காட்ட வேண்டும். அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். கோணலாக இருந்தால் கோணல் என்றுதான் சொல்வேன்.

வெந்நீர் எதற்கு வேண்டுமென்றாலும் வாளியில் நீங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள், நான் கன்னத்தை வைக்கிறேன். இரண்டு பேரும் சரி என்றால்தான் அது வெதுவெதுப்பு.

அதுவரைக்கும் அந்த நைட்டியை மடித்து, சூடு படாத இடமாகப் பார்த்து வையுங்கள். நான் வந்து எடுக்கிறேன்.

வாயாடி